கைக்கு அடங்கிய கேமரா, பைக்கு அடங்கிய லென்ஸ்கள்

கேமரா வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சல் எத்தனை என்று கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள். எடை கேட்பவர் அபூர்வம். ஆனால் ஆசையோடு வாங்கிய டிஎஸ்எல்ஆர் பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டிலேயே கிடப்பதற்கு எடை ஒரு பெரிய காரணம். கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் மட்டும் இறங்கி வருகிற கேமராவில் கை பழகாது. கை பழகாமல் நல்ல படம் வராது. அதனாலேயே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் சிறிய மிர்ரர்லெஸ் குடும்பத்தை இன்றும் சிபாரிசு செய்கிறேன்.

நான் அன்றாடம் பயன்படுத்துவது 2015-இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்10 மார்க் 2. இவ்வளவு பழைய மாடலுக்கு இப்போது எதற்கு விமர்சனம்? செகண்ட் ஹேண்ட் சந்தையில் இது இன்னும் கிடைக்கிறது. இதற்காக வாங்கும் லென்ஸும் வீண் போகாது. ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலைக் கைமாற்றிவிட்டபின், 2021 முதல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் அதே மவுன்ட்டில் கேமராக்களைத் தயாரித்து வருகிறது. பானசோனிக்கும் தயாரிக்கிறது. இன்று வாங்கும் லென்ஸ் நாளை வாங்கப்போகும் பாடியிலும் பொருந்தும்.

இந்த மவுன்ட்டை ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 2008 ஆகஸ்டில் அறிவித்தன. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் கேனான் இஎஃப் மவுன்ட்டிலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் 44 மி.மீ. கண்ணாடியே இல்லாத இங்கே அது 19.25 மி.மீ.தான். சென்சாரும் சிறியது: 17.3-க்கு 13 மி.மீ.; பரப்பில் ஃபுல் ஃபிரேமின் கால் பங்குதான் வரும். சென்சார் சிறுத்தால் அதை நிரப்ப வேண்டிய ஒளிவட்டம் சிறுக்கும், லென்ஸும் கூடவே சிறுக்கும். பாடி மட்டும் இளைத்து, லென்ஸ் பழையபடியே கனக்கும் மிர்ரர்லெஸ் கேமராக்கள் நிறைய உண்டு. கடையில் பாடியை மட்டும் கையில் தூக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பேட்டரி, கார்டு சேர்த்து பாடி 390 கிராம். 14-42 கிட் ஜூம் 93, 45 மி.மீ. பிரைம் 116, 40-150 ஜூம் 190. எல்லாம் சேர்ந்து 789 கிராம். கேனானின் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு, அந்த ஒரு லென்ஸ் மட்டுமே 805 கிராம். அது மிக உயர்ந்த தரத்து லென்ஸ், படத்தின் தரத்தில் இரண்டையும் ஒப்பிட முடியாது. தோள் வலியில் ஒப்பிடலாம்.

கை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆன்-ஆஃப் சுவிட்ச் மேல்பக்கத்தின் இடது ஓரத்தில், பழைய ஓஎம் ஃபிலிம் கேமராக்களில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரே கையால் எடுத்து ஆன் செய்து பழகியவர்களுக்கு இது இடைஞ்சல். பிடிமானம் மெல்லியது, பெரிய கைக்காரர்களின் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. மெனுவுக்குள் போனால் பக்கம் பக்கமாக விரிந்துகொண்டே இருக்கும். சூப்பர் கண்ட்ரோல் பேனல் என்ற பக்கத்தைத் திரைக்கு வரவழைக்கப் பழகிக்கொண்டால் ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் முறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பிறகு மெனு பக்கம் போகும் தேவையே குறைந்துவிடும்.

இந்தச் சங்கடங்களையெல்லாம் மறக்கச் செய்வது எலக்ட்ரானிக் வியூஃபைண்டர். காசிமேட்டு மீன் ஏலத்தை விடியுமுன் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே கண்ணைக் கூசும் விளக்கு, கீழே வெள்ளியாய் மின்னும் மீன், நடுவே நிழலில் கறுத்த முகங்கள். இப்படிப்பட்ட இடத்தில் எந்த மீட்டரும் தடுமாறும். டிஎஸ்எல்ஆரில் எடுத்து, பின்திரையில் பார்த்து, திருத்தி, மறுபடி எடுப்பதற்குள் அந்த முகபாவம் போய்விடும். இங்கே திருகைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதும் கண்ணெதிரே தெரிகிறது. முகம் சரியாகத் தெரியும் அளவு வந்ததும் அழுத்தினால் போதும். எக்ஸ்போஷர் என்றால் என்ன என்று புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே கட்டைவிரலைப் பின்திரையில் நகர்த்தி ஃபோகஸ் புள்ளியை மாற்றும் வசதியும் உண்டு. ஒரு முறை பழகினால் அது இல்லாத கேமராவுக்குத் திரும்ப மனம் வராது.

இனி லென்ஸ்கள். இந்தக் குடும்பத்தின் செல்வம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ.யை இரண்டால் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் கிடைக்கும் பார்வைக் கோணம் வரும். 14-42 என்பது 28-84. 45 என்பது 90. பின்புலம் மங்குவதிலும் அதே இரண்டு மடங்கு: எஃப் 1.8-இல் எடுத்தாலும் ஃபுல் ஃபிரேமில் எஃப் 3.6-இல் எடுத்த அளவுதான் மங்கும். ஆனால் ஷட்டர் வேகம் எஃப் 1.8-க்கு உரியதே. இதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கண் ஃபோகஸில், மறு கண் அதற்கு வெளியே என்று வரும் முகப்படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆகவே எனக்கு இது குறையாகப் படவில்லை.

14-42 கிட் ஜூம் மடங்கினால் 22.5 மி.மீ. தடிமன்தான், பாடியோடு சேர்ந்து சட்டைப்பை அளவுக்குக் கிட்டே வந்துவிடும். ஜூம் மோட்டாரில் நகர்வதால் நிதானம். பகல் வெளிச்சத்துக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

45 மி.மீ. எஃப் 1.8 வேறு ரகம். 2011-இல் வந்தது. இந்த மவுன்ட்டில் காலடி வைப்பவர்கள் கிட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது இதைத்தான். மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாக் கூட்டத்தில் பெரிய லென்ஸைத் தூக்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டு பேர் போஸ் கொடுப்பார்கள், எடுக்க நினைத்த முகம் இறுகிவிடும். இந்தச் சின்ன லென்ஸை யாரும் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும் பெண்மணியின் வியர்வையும், அப்பா தோளில் உட்கார்ந்து சப்பரத்தைப் பார்க்கும் குழந்தையின் கண்ணும் இயல்பாகவே அகப்படும். எஃப் 1.8-இலேயே நடுப்பகுதி கூர்மை. தோலின் நிறம் மாறுவதில்லை. லென்ஸ் ஹூட் மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

தெருவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பானசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7 பொருத்தம். ஃபோகஸ் மெதுவாக, சத்தத்தோடு நகரும். ஓடும் குழந்தையைப் பிடிக்காது. படத்தின் தரத்துக்காக அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளலாம். பூச்சி, பூ என்று அலைபவர்களுக்கு 185 கிராம் எடையுள்ள ஒலிம்பஸ் 60 மி.மீ. மேக்ரோ இருக்கிறது. 40-150 ஜூம் மலிவான பிளாஸ்டிக் உடம்பு. விலைக்கு மீறிய படம் தரும்.

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா வீட்டில் இருந்தால் அதன் லென்ஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிகப் பெரும்பாலான பழைய மவுன்ட்களுக்கு அடாப்டர் கிடைக்கிறது. 50 மி.மீ. லென்ஸ் இங்கே 100 மி.மீ. பார்வை தரும். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கூர்மையான விளிம்புகளைக் கேமரா நிறமிட்டுக் காட்டிக்கொடுக்கும். ஐந்து அச்சு ஸ்டெபிலைசர் பாடிக்குள்ளேயே இருப்பதால், லென்ஸின் மி.மீ. அளவை மெனுவில் பதித்துவிட்டால் 40 ஆண்டு பழைய லென்ஸுக்கும் கைநடுக்கம் தணியும். கிட் லென்ஸின் அகலக் கோணத்தில் 1/8 நொடியிலும் கையில் பிடித்தே எடுக்க முடிகிறது.

லைவ் காம்போசிட் என்ற வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து எடுக்கும் படங்களில் புதிதாகத் தோன்றும் வெளிச்சத்தை மட்டும் முதல் படத்தின் மேல் கேமராவே சேர்த்துக்கொண்டு போகும். ஐப்பசி மழைக்காலத்து இரவில் மாடியில் டிரைபாடில் நிறுத்திவிட்டால், மின்னல் வெட்ட வெட்டப் படம் நிறைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஊரின் விளக்குகள் வெளுத்துப் போகாது.

பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டினால் நாய்ஸ் தெரியும். ஃபுல் ஃபிரேமுக்கு ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் பின்தங்கல். ஓடுவதையும் பறப்பதையும் துரத்தும் ஃபோகஸ் இந்த மாடலில் நம்பத்தக்கதல்ல. பள்ளிக்கரணையில் நிற்கும் பூநாரையை 75-300 லென்ஸில் அருமையாக எடுக்கலாம். தலைக்கு மேல் சீறும் ஆலாவை எடுக்க நினைத்தால் மனச்சோர்வுதான். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் பயன்படுத்தினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். மழைக் காப்பு இல்லை. அது வேண்டுமென்றால் ஐபி53 தரமுள்ள ஓஎம்-5 போன்றவற்றுக்குப் போக வேண்டும். பேட்டரி நிறுவனக் கணக்குப்படி 320 படம். உபரி பேட்டரி ஒன்று கட்டாயம்.

நம் கடலோர ஊர்களில் லென்ஸுக்குப் பெரும் எதிரி ஃபங்கஸ். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பது அதை வரவேற்பதுதான். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சிறு மீட்டர் போதும். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி இழைபோல எதுவும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பாடியில் எல்லாத் திருகையும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்துக் கறையிருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாணப் படம் தொழிலாகச் செய்பவர்களுக்கும் பறவைப் பித்தர்களுக்கும் இந்த மாடல் சரிவராது. குடும்பம், தெரு, திருவிழா, பயணம் என்று எடுப்பவர்களுக்குப் பழைய இ-எம்10 மார்க் 2, கிட் ஜூம், 45 மி.மீ. மூன்றும் தாராளம். புதிய பாடிக்கு ஆசைப்பட்டு லென்ஸில் சிக்கனம் பிடிக்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் 45-ஐ வாங்குங்கள்.