விசாரணை எனும் சொல்: குற்றநீதித் தனிநூலகமும் நெய்வேலி வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றநீதி, சட்டம் ஆகிய துறைகளில் ஆய்வாளர் ஒருவர் சேர்க்கும் தனிநூலகத்தின் மதிப்பு நூல்களின் எண்ணிக்கையில் இல்லை. எந்த நூலை எந்த நூலின் அருகில் வைக்கிறார் என்பதில் இருக்கிறது. நூலகப் பகுப்பு முறை சட்டத்தையும் இலக்கியத்தையும் வெவ்வேறு அடுக்குகளில் நிறுத்துகிறது. சட்ட நீக்கமோ பழைய சட்டநூலைப் பயனற்றதாக்கி விடுகிறது. இவ்விரண்டாலும் பிரிந்துபோகும் நூல்களை நெய்வேலி வட்டாரத்தோடு தொடர்புடைய பனுவல்களின் வழி ஒன்றாக வைத்து வாசிக்கும்போது, ‘விசாரணை’ எனும் சொல்லின் வரலாறு புலப்படுகிறது. 2024-க்குப் பின் பழைய சட்டநூல்களைக் கழித்துவிடும் போக்கு அவ்வரலாற்றை இழப்பதாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முக்கியச் சொற்கள்: தனிநூலகம், குற்றநீதி, விசாரணை, மனுமுறைகண்ட வாசகம், வேதநாயகம் பிள்ளை, இராசாக்கண்ணு வழக்கு, லாக்கப்

முன்னுரை

தமிழில் தனிநூலகங்கள் பொதுச்சொத்தாக மாறிய வரலாறு உண்டு. மறைமலையடிகளின் நூல் சேகரிப்பு அவர் பெயரிலேயே நூலகமாயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. இலக்கியம், சமயம், இதழியல் ஆகியவற்றுக்குக் கிடைத்த இப்பேறு சட்டநூல் சேகரிப்புகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. வழக்கறிஞரின் நூல்கள் இளநிலை வழக்கறிஞருக்குச் செல்லும். அல்லது பழைய புத்தகக் கடைக்குச் செல்லும். சட்டநூல் தொழிற்கருவியாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். கருவி பழுதானால் எறிந்துவிடுவது வழக்கம்.

நெய்வேலி நகரியத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்புகள் எண்ணிட்ட வட்டங்களாக அமைந்தவை. பணி ஓய்வு பெறுபவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடைபெற்று வரும் ஊரில், வாங்கிச் சேர்த்த நூல்களுக்கு நிலையான கூரை இல்லை. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் வினாவை அங்குள்ள ஒவ்வொரு தனிநூலகமும் ஒருநாள் சந்தித்தே தீரும். சட்டநூல்களைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு விடையளிக்க, அவற்றைக் கருவியாக அன்றிப் பனுவலாக வாசித்தல் வேண்டும்.

பகுப்பு பிரிப்பவை

டூயி தசமப் பகுப்பில் குற்றவியல் சட்டம் 345, குற்றவியல் 364, தமிழ் இலக்கியம் 894.811. பொதுநூலகத்திற்கு இவ்வொழுங்கு இன்றியமையாதது. ஆயினும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இவ்வொழுங்கு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. முன்சீபாகப் பணியாற்றிய அவர், 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862-இல் வெளியிட்டார். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என எல்லோராலும் அறியப்படுகிறது. அந்நாவலில் தமிழறிந்த நீதிபதி முன்னிலையில் தமிழறிந்த வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் பொருந்தாமை எள்ளி நகையாடப்படுகிறது.

நாவலை மட்டும் படிப்பவர் இதனை மொழிப்பற்றுள்ள எழுத்தாளரின் கேலியாகக் கொள்வர். சட்டத் தொகுப்பையும் உடன் வைத்துப் பார்ப்பவர், தீர்ப்புகளைத் தமிழாக்கிய உழைப்பிலிருந்து எழுந்த தொழில்முறைக் குற்றச்சாட்டு அது என உணர்வர். வழக்கில் சிக்கியவனுக்கு வழக்கு புரிய வேண்டும் என்பதே இரு நூல்களின் பொது நோக்கம். இவ்விரண்டையும் அருகருகே வைக்கும் உரிமை தனிநூலகத்திற்கே உண்டு.

விசாரமும் விசாரணையும்

நெய்வேலியை அடுத்துள்ள வடலூரில் 1872-இல் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகள், அதற்கு முன்னரே, 1854-இல், ‘மனுமுறைகண்ட வாசகம்’ எனும் உரைநடை நூலை வெளியிட்டார். தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதை பெரியபுராண வழியாக அனைவரும் அறிந்ததே. அடிகளின் நூலில் தனித்து நிற்பது மன்னன் தன்னைத்தானே வினவிக்கொள்ளும் பகுதியாகும். என்ன பாவம் செய்ததால் இது நேர்ந்தது என அவன் அடுக்கும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீள்கின்றன. ஏழையின் வயிறு, குடிமகனின் அச்சம், நம்பியவனுக்குச் செய்த துரோகம் எனப் பிறர் துன்பங்களையே அவை தொடுகின்றன. அமைச்சரும் அரசமகனும் விசாரிக்கப்படுவதற்கு முன் அதிகாரம் தன்னையே விசாரிக்கிறது. பின்னாளில் அடிகள் வலியுறுத்திய ‘சத்விசாரம்’ என்னும் ஒழுக்கத்தின் சாயலை இங்குக் காணலாம்.

இந்நூலைக் குற்றநீதி அடுக்கில் வைப்பது மிகையெனத் தோன்றலாம். ஆனால் ‘விசாரணை’ எனும் சொல்லின் பழைய பொருட்பரப்பை இதுவே காட்டுகிறது. விசாரித்தல் என்பது ஆராய்தல். நலம் வினவுதலும் அதுவே. சைவ மடங்களின் வழக்கில் ‘கட்டளை விசாரணை’ என்றால் பொறுப்பேற்று மேற்பார்த்தல். இச்சொல்லில் அச்சம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

இன்றைய சட்டத் தமிழில் காவல்துறை செய்வது புலன்விசாரணை. நீதிமன்றம் செய்வதும் விசாரணை. ஆங்கிலச் சட்டம் மூன்று வேறு சொற்களால் பிரிக்கும் கட்டங்களைத் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கீழமை நீதிமன்ற ஆவணங்கள் ‘எதிரி’ எனக் குறிப்பதும் வழக்கில் உள்ளது. மெய்ப்பிக்கப்படும்வரை குற்றமற்றவர் எனக் கொள்ளப்பட வேண்டியவர் முதல் தாளிலேயே எதிரியாகிறார். மு. சந்திரகுமார் தம் கொட்டடி அனுபவங்களை எழுதிய ‘லாக்கப்’ 2015-இல் திரைப்படமானபோது அதற்கு ‘விசாரணை’ எனப் பெயரிட்டனர். அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் நீதிமன்றம் நினைவுக்கு வரவில்லை. ஒரு சொல் தன் பொருளை இழந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கம்மாபுரமும் நீக்கப்பட்ட சட்டங்களும்

1993 மார்ச் மாதம் விருத்தாசலம் வட்டத்து முதனையைச் சேர்ந்த, குறவர் சமூகத்தவரான இராசாக்கண்ணு திருட்டுப் புகாரின் பேரில் கம்மாபுரம் காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் எனக் காவல்துறை கூறியது. அவருடைய மனைவிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். ஆளைக் கொணருமாறு கேட்ட மனுவுக்கு விடையாகக் கிடைத்தது, வேறு மாவட்ட எல்லையில் அடையாளம் தெரியாததாகக் கண்டெடுக்கப்பட்ட உடல் பற்றிய செய்தியே. 2006-இல் உயர்நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை வழங்கியது. 2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இவ்வழக்கை உலகறியச் செய்தது.

திரைப்படம் இராசாக்கண்ணுவை இருளராகக் காட்டியது. கலைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் திருட்டு நிகழ்ந்ததும் ஐயம் ஏன் முதலில் ஒரு குறவர் மீது விழுந்தது என்னும் வினா அம்மாற்றத்தால் மங்கிவிடுகிறது. அதற்கு விடை, இன்று எந்த நீதிமன்றத்திலும் பயன்படாத ஒரு நூலில் உள்ளது. 1871-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-இன் சட்டத்தின் வழி சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டபோது, குறவர் குழுக்கள் அதன் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. சென்னை மாகாணம் அதனை 1947-இல் நீக்கியது; 1948-இல் வழக்கக் குற்றவாளிகள் குறித்த சட்டம் வந்தது. நாடு முழுவதும் நீக்கம் 1952-இல் நிகழ்ந்தது. சட்டம் நீங்கிற்று; காவல்நிலையப் பழக்கம் நீங்கவில்லை. பழக்கத்தைப் புரிந்துகொள்ள நீங்கிய சட்டத்தையே படிக்க வேண்டியுள்ளது.

1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவு இன்னும் வியப்பளிப்பது. வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்துதலைக் குற்றமாக்கும் இப்பிரிவு, விளக்க எடுத்துக்காட்டாக முதலில் நிறுத்துவது சித்திரவதை செய்யும் காவல் அதிகாரியையே. திருட்டுப் பொருள் இருக்குமிடத்தைச் சொல்லவைப்பதற்காகச் சித்திரவதை செய்யும் காவல் அதிகாரி அடுத்த எடுத்துக்காட்டு. கம்மாபுரத்தில் நிகழ்ந்தது 133 ஆண்டுகளுக்கு முன்பே சட்டநூலில் குற்றமென எழுதப்பட்டிருந்தது. ‘லாக்கப்’ நூலை 330-ஆம் பிரிவின் அருகில் வைத்துப் படிக்கும்போது, சட்டம் இல்லாமையால் அன்று, சட்டம் இருந்தும் கொடுமை நேர்ந்தது என்பது விளங்கும். இத்தெளிவைத் தனித்தனி அடுக்குகள் தருவதில்லை.

காலாவதி எனும் கருத்து

2024 சூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. 302 இப்போது 103. 330-இன் உள்ளடக்கம் 120-இல் உள்ளது. சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 ஆகிய பிரிவுகள் 23 என்னும் ஒரே பிரிவுக்குள் அடங்கின. இதனால் பழைய நூல்கள் காலாவதியாகிவிட்டன எனக் கருதுவோர் பலர்.

இக்கருத்து சட்ட நோக்கிலேயே முழுமையானதன்று. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனினும் முதன்மையானது வாசிப்பு நோக்கு. காவலர் முன் அளித்த வாக்குமூலம் செல்லாது என்னும் கொள்கை குறித்து 1872 முதல் எழுந்த தீர்ப்புகளும் உரைகளும் 25 என்னும் எண்ணின் கீழேயே எழுதப்பட்டுள்ளன. கொட்டடி மரணத்திற்கு இழப்பீடு வழங்கக் கோரும் உரிமையை உறுதிசெய்த நீலாபதி பெஹரா தீர்ப்பு வெளிவந்ததும் அதே 1993 மார்ச் மாதத்தில்தான். கைது நடைமுறைகளை வகுத்த டி.கே. பாசு தீர்ப்பு 1996-இல் வந்தது. இவையும் பழைய எண்களைக் கொண்டே பேசுகின்றன. எண்ணின் திறவுகோல் தொலைந்தால் தீர்ப்பின் கதவு திறவாது.

தமிழ்ப் பேச்சு வழக்கும் இதற்குச் சான்று பகரும். ஏமாற்றுக்காரனை ‘ஃபோர்ட்வென்டி’ என்பதும், கூட்டத் தடையை ‘144’ என்பதும் ஊர் வழக்கு. பிரிவுகள் எண் மாறிய பின்னும் மக்கள் நாவில் பழைய எண்ணே நிற்கும். அவ்வெண் எங்கிருந்து வந்தது என வருங்கால அகராதியாளர் தேடும்போது அவருக்கும் பழைய சட்டநூலே துணை.

சில மறுப்புகள்

தனிநூலகத்தை அளவுமீறிப் போற்றுதல் தகாது. சேர்ப்பவரின் விருப்பு வெறுப்புகள் அதன் எல்லைகளாகின்றன. பூட்டிய அலமாரி ஒருவருக்கு மட்டுமே நூலகம். மேலும், சட்டநூல் சேகரிப்புகளில் ஆங்கில உரைநூல்களே மிகுதி. அடிபட்டவர் தமிழில் சொன்னவை குறைவு. கம்மாபுரத்தைப் பற்றிய அடுக்கில் இராசாக்கண்ணுவின் மனைவி தம் வாய்ப்படச் சொன்னவற்றைவிட அவரைப் பற்றிப் பிறர் எழுதியவையே அதிகம். வேதநாயகம் பிள்ளை சுட்டிய குறை நூலக அடுக்கிலும் தொடர்கிறது. ஆகவே பாதுகாத்தல் மட்டும் போதாது. விடுபட்ட குரல்களைச் சேர்த்தலும் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட நூல்களை வரிசைப்படுத்தினால் ஒரு சொல்லின் இறக்கம் தெரிகிறது. அரசன் தன்னை வினவிய விசாரம், குடிமகனுக்குப் புரியவேண்டிய வழக்காகி, பின் கொட்டடியின் விசாரணையாக முடிகிறது. ஆட்கொணர்வு மனு அச்சொல்லை மீண்டும் அதிகாரத்தின் பக்கம் திருப்பியது, விசாரித்தவர்கள் விசாரிக்கப்பட்டனர். இவ்வரலாற்றை எந்த ஒரு நூலும் முழுமையாகச் சொல்லவில்லை. அவை ஒன்றாக இருக்கும் அடுக்கே சொல்கிறது. எனவே குற்றநீதித் தனிநூலகம் இடம்பெயரும்போது நூற்பட்டியலோடு அடுக்கு வரிசையும் பதிவு செய்யப்பட வேண்டும். நீக்கப்பட்ட சட்டநூல்கள் கழிக்கப்படாமல் வரலாற்று மூலங்களாகக் கொள்ளப்பட வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் தமிழ் ஒப்பீட்டு அட்டவணையும் அவற்றுடன் வைக்கப்பட வேண்டும். நிறுவனக் குடியிருப்பின் ஒரு வீடு காலியாகும் நாளில் எடைக்குப் போகும் முதல் கட்டு, பழைய தண்டனைச் சட்டமாகவே இருக்கக்கூடும். 330-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகள் அக்கட்டினுள் இருக்கின்றன.