கம்பியைப் பிடித்தபடி கேட்ட தோஸ்கா

வியன்னா அரசு ஓபரா அரங்கில் பாடுகிறவர்களுக்கு மைக் கிடையாது. அறுபது எழுபது பேர் மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அமர்ந்து முழுமூச்சாக வாசிக்கிறார்கள். அவர்களைத் தாண்டி, மேடையில் நிற்கும் ஒரு பெண் வாய் திறந்து பாடுகிறாள். அரங்கின் கடைசியில் நிற்கும் என் காதுக்கு அந்தச் சாரீரம் முழுசாக, ஈரம் காயாமல் வந்து சேர்கிறது. ஒலிபெருக்கியின் கரகரப்பு இல்லை. கிட்டப்பா காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரர்கள் அனுபவித்தது இதைத்தான் என்று நினைத்தேன். நாம் மைக்குக்குப் பழகிப்போன தலைமுறை. மனிதக் குரலின் உண்மையான அளவு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் ஓபரா அரங்குக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நிற்க வேண்டியிருக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. இங்கே 1,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. அதுபோக, நின்று கேட்பதற்கென்றே 400க்கும் மேற்பட்ட இடங்கள். நல்ல இருக்கை ஒன்று 200 யூரோவைத் தாண்டும். நிற்க அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நான் சொல்லும் அதிசயமே இனிமேல்தான். கீழ்த்தளத்தில் நிற்பவர்களுக்கு ஒதுக்கிய இடம், அந்தக் காலத்தில் பேரரசர் உட்கார்ந்த மாடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேடைக்கு நட்டநடு எதிரே! கோமான்களும் சீமான்களும் பக்கவாட்டு மாடங்களில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்க, மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் என்னைப் போன்ற வழிப்போக்கர்களும் நேருக்கு நேர் பார்க்கிறோம். உலகத்திலேயே மிக நியாயமான அரங்க அமைப்பு இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

உள்ளே போனதும் முதல் வேலை, சாய்ந்துகொள்ளப் போட்டிருக்கும் கம்பியில் ஒரு கழுத்துத் துண்டைக் கட்டுவது. கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. காபி குடிக்கப் போய் வரலாம், யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்தக் கம்பியிலேயே சிறு திரையும் உண்டு. பாடும் வரிகளின் பொருள் ஜெர்மன், ஆங்கிலம் என்று நாம் விரும்பும் மொழியில் ஓடும். பக்கத்தில் நின்ற வெள்ளைமுடிப் பாட்டி ஒருவர் அந்தத் திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவருடைய உதடுகள் இத்தாலிய வரிகளை ஓசையின்றிச் சொல்லிக்கொண்டே வந்தன.

இந்தக் கட்டடம் 1869 மே 25 அன்று மொஸார்ட்டின் 'டான் ஜியோவான்னி'யுடன் திறக்கப்பட்டது. கட்டிய இருவரும் அதைப் பார்க்கவில்லை. கட்டும்போதே ஊர் அவர்களைத் திட்டித் தீர்த்தது. வான் டெர் நுல் 1868இல் தற்கொலை செய்துகொண்டார். சில வாரங்களில் அவருடைய கூட்டாளி சிக்கார்ட்ஸ்பர்கும் போய்விட்டார். பிறகு 1897 முதல் பத்தாண்டுகள் குஸ்டாவ் மாலர் இங்கே இயக்குநர். தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடாமல் நிறுத்திவைத்த கறார்க்காரர். இன்று இங்கே நிலவும் நிசப்தத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

1944 ஜூன் 30 அன்று வாக்னரின் 'தெய்வங்களின் அந்தி' நடந்தது. அதோடு அரங்கம் மூடப்பட்டது. 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்து போயின. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. ஊரே இடிந்து கிடந்த நிலையிலும் வியன்னாக்காரர்கள் பத்து வருஷம் உழைத்து இதைத் திரும்ப எழுப்பினார்கள். போருக்குப் பின் நாட்டில் தங்கியிருந்த நான்கு நாடுகளின் படைகள் வெளியேறிய சில நாட்களில், 1955 நவம்பர் 5 அன்று, கார்ல் பூம் நடத்த, பீத்தோவனின் 'ஃபிடேலியோ' ஒலித்தது. சிறைக் கைதிகள் இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற ஓபரா அது! உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே தெருவில் ஒலிபெருக்கி முன் கூடிக் கேட்டார்களாம். இந்தக் கதையை நினைக்காமல் என்னால் அந்தப் படிக்கட்டில் ஏற முடிவதில்லை.

நான் நின்று கேட்டது புச்சீனியின் 'தோஸ்கா'. மார்கரெத்தே வால்மான் 1958இல் அமைத்த மேடையேற்றம். அதன் முதல் இரவில் நடத்தியவர் காராயான், தோஸ்காவாகப் பாடியவர் ரெனாத்தா தெபால்டி. வால்மான் முப்பதுகளில் இதே அரங்கின் பாலே குழுவுக்குத் தலைமை தாங்கியவர். யூதர் என்பதால் 1938இல் துரத்தப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அவர் அமைத்த காட்சிகள் அறுநூறு முறைக்கு மேல் மேடையேறி, இன்றும் ஓடுகின்றன. புதுமை வேண்டுவோர் இதைப் பழசு என்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தேவாலயம் தேவாலயமாகவே தெரிகிறது, கோட்டை கோட்டையாகவே தெரிகிறது. மீதியைப் பாட்டு பார்த்துக்கொள்கிறது.

முன்னிசை என்று எதுவும் கிடையாது. மூன்று பயங்கரமான சுரக்கூட்டங்கள் இடிக்கின்றன, திரை போய்விடுகிறது. 1800ஆம் ஆண்டின் ரோம் நகரம். காவல் தலைவன் ஸ்கார்பியாவின் அடையாளம் அந்த மூன்று அடி. முதல் அங்கத்தின் முடிவில் அவன் தேவாலயத்துக்குள் நின்று, ஒரு பெண்ணை அடையப் போடும் திட்டத்தைப் பாடுகிறான்; பின்னால் மணிகள், பீரங்கி, ஆர்கன், வழிபாட்டுக் கூட்டத்தின் கோரஸ், முழு ஆர்கெஸ்ட்ரா. இத்தனைக்கும் மேலே அந்த ஒற்றைப் பாரிடோன் குரல் மிதக்கிறது. எப்படி?

ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்து காட்டியிருக்கிறார். ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச் சக்தி 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மிகுந்து, மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் குரல்வளையை இறக்கித் தொண்டையை விரித்து, தங்கள் சக்தியின் ஒரு பகுதியை 3,000 ஹெர்ட்ஸ் அருகே குவிக்கிறார்கள். வாத்தியங்கள் மெலியும் இடம் அது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுவே. ஆகவே அவர்கள் கத்தி ஜெயிப்பதில்லை, சந்து பார்த்து நுழைகிறார்கள். சோப்ரானோக்களுக்கு மேல்ஸ்தாயியில் வேறு வித்தை: தாடையை இறக்கி, வாய்க்குள் அதிரும் காற்றைப் பாடும் சுருதிக்கே இணைத்துவிடுகிறார்கள். இத்தனை விஞ்ஞானம் தெரிந்தும், அந்தக் கோரஸ் உச்சிக்கு ஏறியபோது நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கம்பி அதிர்ந்தது. என் விலா எலும்பும்தான்.

இரண்டாம் அங்கம் ஃபார்னேசே மாளிகை. காதலன் பக்கத்து அறையில் சித்திரவதைப்படுகிறான், அவன் அலறல் கேட்கிறது, தோஸ்காவின் மானத்தை விலையாகக் கேட்கிறான் ஸ்கார்பியா. அந்த நேரத்தில் எல்லாம் அடங்கி, அவள் கடவுளிடம் கேட்கிறாள்: கலைக்காகவும் அன்புக்காகவும் வாழ்ந்தேனே, எனக்கு ஏன் இந்தக் கூலி? அன்று பாடிய சோப்ரானோ கடைசிக் கார்வையை முழு வேகத்தில் எடுத்து, அப்படியே இழைத்து இழைத்து, மூச்சளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மூச்சளவும் கடைசிக் கம்பிவரை வந்தது! பாட்டி என் முழங்கையைப் பிடித்துவிட்டார். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. தேவையும் இருக்கவில்லை.

அப்புறம் அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து கத்தியை எடுத்துக் குத்துகிறாள். குத்திவிட்டு, பிணத்தின் இருபுறமும் மெழுகுவத்தி வைத்து, மார்பில் சிலுவையை வைக்கிறாள். ஒரு வார்த்தைகூடப் பாடாமல், வாத்தியங்கள் மட்டும் தாழ்ந்து ஒலிக்க நடக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்கு ஈடாக நான் எந்த நாடகத்திலும் எதையும் பார்த்ததில்லை.

மூன்றாம் அங்கத்தின் விடியலில் ரோமின் மணிகள் தூரத்திலும் பக்கத்திலுமாகக் கேட்கின்றன. புச்சீனி, இந்தக் காட்சி நடக்கும் சாந்தாஞ்சலோ கோட்டை உச்சிக்கே போய் நின்று காலை மணிகளைக் கேட்டவர். புனித பேதுரு பேராலயத்தின் பெரிய மணி எந்தச் சுருதியில் ஒலிக்கிறது என்றுகூட விசாரித்து எழுதினார். அதற்குப் பிறகு ஒற்றைக் கிளாரினெட், சாகப்போகிற காதலனின் பாட்டு. பள்ளத்தில் வாசிக்கிறவர்கள் யார் தெரியுமா? வியன்னா ஃபில்ஹார்மோனிக் தன் உறுப்பினர்களை இந்த அரங்கின் ஆர்கெஸ்ட்ராவிலிருந்துதான் எடுக்கிறது. உலகம் புத்தாண்டுக் கச்சேரியில் தொலைக்காட்சியில் பார்க்கும் அதே கைகள், சாதாரண ஒரு வார நாளில் எனக்காக வாசித்தன.

கைதட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். 1991இல் 'ஒத்தெல்லோ' பாடிய பிளாசிடோ டொமிங்கோவை இந்த ஊர் 101 முறை திரைக்கு முன்னால் வரவழைத்து, 80 நிமிஷம் கைதட்டியது. அந்த ஆர்வத்தின் ஊற்று நிற்கிறவர்கள் பக்கம்தான். உட்கார்ந்திருந்தவர்கள் கோட்டு வாங்க விரைந்தபோதும் நாங்கள் நகரவில்லை.

மற்ற அரங்குகளையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிலானின் லா ஸ்காலா 1778இலிருந்து ஆட்சி செய்கிறது; அதன் உச்சி மாடத்து ரசிகர்களின் கண்டிப்பு பேர் போனது. பைராய்ட்டில் வாக்னர் ஆர்கெஸ்ட்ராவையே மேடைக்கு அடியில் மூடி மறைத்துவிட்டார். சிட்னியின் ஓடுகளைப் பார்த்தால் மூச்சு நிற்கும். ஆனால் அங்கே பெரிய கூடம் கச்சேரிக்குப் போய்விட, ஓபராவுக்குக் கிடைத்தது சின்னக் கூடம்தான். வெரோனாவில் முதல் நூற்றாண்டு ரோமானியக் கல்வட்டத்துக்குள் 1913 முதல் 'ஐடா' நடக்கிறது, வானமே கூரை. எல்லாமே போகத் தக்கவை. ஆனால் தினமும் வேறு வேறு ஓபரா போட்டு, பருவம் ஒன்றுக்கு ஐம்பது வரை மேடையேற்றி, அதையும் ஏழைக்கு நட்டநடு இடம் கொடுத்து நடத்துவது வியன்னாதான். இன்றைய ரோம் நகரம் இரவோடு இரவாகப் பிரிக்கப்பட்டு, நாளைய ஓபராவின் உலகம் அந்த மேடையில் எழும்பும்.

அடுத்து நான் காத்திருப்பது ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ரோஸன்கவாலியர்'. 1968இல் ஓட்டோ ஷெங்க் அமைத்த மேடை, அன்று நடத்தியவர் பெர்ன்ஸ்டைன். கதை நடப்பதும் இதே வியன்னாவில். கடைசியில் மூன்று பெண் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் பின்னிக்கொள்ளும் இடம் வருகிறது. அதை மைக் இல்லாமல், அந்த மாடத்தின் அடியில் நின்று கேட்க வேண்டும். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய நாலு மணி நேரம். கால் வலிக்குமே என்று கேட்கிறவர்களிடம், கம்பி இருக்கிறது, சாய்ந்துகொள்ளலாம் என்கிறேன். துண்டு மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்கிறேன்.