பிறையும் மீனும்: ரோங்கோரோங்கோ நாட்காட்டி வாசிப்பு குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

படிக்க இயலாத எழுத்து அறிஞர்களை அழைப்பது போலவே ஆர்வலர்களையும் அழைக்கிறது. எழுத்து எந்த அளவுக்கு மௌனமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அதைப் பேசவைக்க முற்படுவோர் பெருகுவர். சிந்துவெளி எழுத்தைப் பொறுத்தவரை தமிழர் இதனை நன்கு அறிவர். அதே நிலையில் உள்ள மற்றோர் எழுத்து, பசிபிக் பெருங்கடலில் சிலி நாட்டுக்குரிய ராப்பா நூய் எனப்படும் ஈஸ்டர் தீவின் ரோங்கோரோங்கோ ஆகும். மரப்பலகைகளில் செதுக்கப்பட்ட இவ்வெழுத்து ஏறத்தாழ இரண்டு டஜன் பொருள்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. அவற்றுள் ஒன்றுகூட இன்று அத்தீவில் இல்லை.

ரோங்கோரோங்கோவின் ஒரு பகுதி நிலவின் நாட்காட்டி என்பது ஆய்வுலகில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. பிற பகுதிகளை விண்மீன் பட்டியல்களாகப் படித்தோரும் உளர். அவ்வாசிப்புகள் அத்தகைய ஏற்பைப் பெறவில்லை. ஒன்று ஏற்கப்பட்டதும் மற்றவை ஏற்கப்படாததும் ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கான விடை, சிந்துவெளி எழுத்தை நாம் அணுகும் முறைக்கும், பேராக் மாநிலத்தில் நம் கண்ணெதிரே மறைந்துவரும் வழக்காறுகளுக்கும் பொருந்துவது என்று கருதுகிறோம்.

மாமாரிப் பலகையும் அதன் பிறைகளும்

ரோமாபுரியில் காக்கப்பட்டுவரும் பலகைகளுள் ஒன்று மாமாரி. அதன் மரம் நம் ஊர்களில் பூவரசு என்று வழங்கப்படும் மரமே என ஆய்வாளர் கண்டுள்ளனர். ரோங்கோரோங்கோ இடப்புறக் கீழ்வரியில் தொடங்குவது. ஒவ்வொரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியைப் படிக்க வேண்டும். மாமாரியின் ஒரு பக்கத்தில் ஆறாம் வரி முதல் ஒன்பதாம் வரி வரையுள்ள பகுதியில் பிறை வடிவங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. செருமானிய அறிஞர் தாமஸ் பார்த்தெல் 1958இல் வெளியிட்ட நூலில் இதனை நிலவின் நாட்காட்டி என அடையாளம் கண்டார். ஜாக் கீ என்னும் மொழியியலாளர் 1990இல் அதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார்.

இவ்வாசிப்பின் வலிமை நான்கு கூறுகளில் அடங்கியுள்ளது. முதலாவது, பிறைகள் ஒரே வகையான குறித்தொடர்களால் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, அக்குறித்தொடர்களில் இடம்பெறும் மீன் வடிவம் ஒரு பாதியில் தலை மேல்நோக்கியும் மறு பாதியில் தலை கீழ்நோக்கியும் அமைந்துள்ளது. இது வளர்பிறை, தேய்பிறை என்ற பாகுபாட்டோடு ஒத்துச்செல்கிறது. மூன்றாவது, இரு பாதிகளுக்கும் இடையே முழுநிலவைக் குறிப்பதாகக் கொள்ளத்தக்க தனி வடிவம் ஒன்று உள்ளது. நான்காவது கூறே தலையாயது. 1886இல் தீவுக்குச் சென்ற அமெரிக்கக் கடற்படை அலுவலர் வில்லியம் தாம்சனும், பின்னாளில் அல்பிரட் மேத்ரோ, செபாஸ்டியன் எங்லெர்ட் ஆகியோரும் அத்தீவினரிடம் இரவுகளின் பெயர்களைக் கேட்டுத் தொகுத்துள்ளனர். பலகையிலுள்ள பிறைகளின் குழுவமைப்பு இப்பெயர் வரிசைகளோடு பொருந்துகிறது. பட்டியலைச் சொன்னவர்கள் பலகையைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒன்றை மற்றொன்று அறியாத இரு சான்றுகள் ஒரே செய்தியைக் கூறுகின்றன. இவ்வாசிப்பு நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

இதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். அப்பகுதி எதைப் பற்றியது என்பது தெரிந்துள்ளதேயன்றி, குறிகளின் ஒலி இன்னது என்பது தெரியவில்லை. எஞ்சிய பலகைகள் இன்னும் மௌனமாகவே உள்ளன.

எண் மட்டும் சான்றாகுமா?

நாட்காட்டி வாசிப்புகளில் மிகுதியாகக் காணப்படும் குறை, எண்ணைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடுதல் ஆகும். முப்பது கோடுகள் கிடைத்தால் திங்கள் என்பர். பன்னிரண்டு கிடைத்தால் ஆண்டு என்பர். இருபத்தேழு கிடைத்தால் நாண்மீன்கள் என்பர். இதன் நலிவை உணரப் பேராக் வாசகர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்களில் கிராணியார் எழுதிய செக்குரோல் ஏட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. நாளுக்கு ஒரு கட்டம். வந்த நாளுக்கு ஒரு குறி, வராத நாளுக்கு வேறொரு குறி. தமிழும் ஆங்கிலமும் தோட்ட வாழ்க்கையும் அறியாத ஒருவர் கையில் பல நூறு ஆண்டுகள் கழித்து இவ்வேட்டின் ஒரு கிழிந்த தாள் கிடைப்பதாகக் கொள்வோம். ஒரு வரிக்கு முப்பது குறிகள் இருப்பதைக் கண்டு அதனை நிலவின் நாட்காட்டி என்று அவர் துணியலாம். குறி விடுபட்ட கட்டங்களை அமாவாசை என்றும் விளக்கலாம். நாள்களின் எண்ணிக்கையில் அவர் தவறமாட்டார். பொருளில் முற்றிலும் தவறிவிடுவார். கூலிக் கணக்கு வானநூலாகிவிடும்.

மாமாரியின் வாசிப்பு இத்தகைய பிழைக்கு இடங்கொடாததற்குக் காரணம் முப்பது என்ற எண் அன்று. வரிசையும் நடுவமைப்பும் திசைமாற்றமும் வாய்மொழிப் பட்டியலும் ஒருங்கே பொருந்துவதுதான். ஒரு குறித்தொகுதியை நாட்காட்டி என்பார், அக்குறிகளுக்குப் புறத்தே உள்ள சான்று யாது என்ற வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

மீனும் மீனும்

ரோங்கோரோங்கோவைத் தமிழுலகின் பேச்சுக்குள் கொணர்ந்தது ஓர் ஒப்பீடு. அங்கேரியரான ஹெவெசி 1932இல் சிந்துவெளிக் குறிகளையும் ஈஸ்டர் தீவுக் குறிகளையும் இணைகளாக அடுக்கிப் பாரிஸ் நகரில் வெளியிட்டார். பார்வைக்கு வியப்பூட்டும் அட்டவணை அது. அதனை ஆராய்ந்த மேத்ரோ, ஒற்றுமை மிகுதியாகத் தோன்றும்படி சில வடிவங்கள் மாற்றி வரையப்பட்டிருந்ததைச் சுட்டினார். சிந்துவெளி நகர்கள் கி.மு. 1900 அளவில் நலிவுற்றன. ரோங்கோரோங்கோவை வெளியுலகம் அறிந்தது 1864இல். 2024இல் வெளியான கதிர்க்கரிமக் கணிப்பின்படி ரோமாபுரிப் பலகைகளுள் ஒன்றன் மரம் கி.பி. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவும் மரத்தின் காலமேயன்றி எழுத்தின் காலம் அன்று. இடையே மூவாயிரம் ஆண்டுகளும் பாதி உலகும் கிடக்கின்றன. இருந்தும் இவ்வொப்பீட்டை மெய்யென மேற்கோள் காட்டுவோர் நம்மிடையே இன்றும் உளர்.

ஏன் உளர் என்பதையும் நேர்மையாக ஆராய வேண்டும். மாமாரியில் தமிழ் வாசகரை மயக்கத்தக்கவை பல உள்ளன. அதன் முழுநிலவு வடிவத்தை, வானில் மண்ணடுப்பு மூட்டும் கிழவி என்னும் ராப்பா நூய் வழக்கோடு இணைத்து ஜாக் கீ விளக்கினார். நிலவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று கேட்டு வளர்ந்த தமிழர் இதனைப் படித்ததும் திகைப்பது இயல்பு. பொலினீசிய மக்கள் மத்தாரிக்கி என்னும் கார்த்திகை மீன் கூட்டத்தைக் கொண்டு ஆண்டைக் கணித்தனர். நமக்கும் அது அறுமீன். பலகையில் பிறைகளின் அருகே மீன். தமிழில் மீன் என்றால் விண்மீனும் ஆம்.

இம்மூன்றாவது ஒற்றுமையே சோதனைக்கு உகந்தது. சிந்துவெளி மீன் குறியை விண்மீன் எனக் கொள்ளும் கருத்து ஹீராஸ் பாதிரியார் தொடங்கிவைத்தது. அஸ்கோ பர்ப்போலா 1994ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்தது. ஆறு கோடுகளும் மீனும் சேர்ந்தால் அறுமீன்; ஏழு கோடுகளும் மீனும் சேர்ந்தால் எழுமீன். இவ்விளக்கம் நிற்பது திராவிட மொழிகளில் ஒரே சொல் இரு பொருள் தருவதால். ராப்பா நூய் மொழியில் மீன் ‘இகா’, விண்மீன் ‘ஹெத்து’. இரண்டுக்கும் ஒலியுறவு இல்லை. எனவே பலகையின் மீனை விண்மீனாக்கத் தமிழின் சொல்லொப்புமை உதவாது.

உறவைத் தேடுவோர் ஈப்போச் சந்தையில் காதைத் தீட்டிக் கேட்டாலே போதும். மலாய் மொழியில் மீன் ‘ஈக்கான்’. ராப்பா நூயில் ‘இகா’. மலாயில் வானம் ‘லாங்ஙிட்’, அங்கே ‘ரங்ஙி’. ஐந்து இங்கே ‘லீமா’, அங்கே ‘ரிமா’. லகரம் நிற்க வேண்டிய இடத்தில் ரகரம் முறையாக நிற்கிறது. ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தின் உறவு இவ்வாறு ஒழுங்குற மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த வீட்டு மொழியில் கிடைக்கும் உறுதியான உறவை விடுத்து, படங்களின் சாயலில் நமக்கு ஓர் உறவைத் தேடுவது ஆய்வு ஆகாது.

இதனால் பர்ப்போலாவின் கருத்து பொய் என்பது பெறப்படாது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொடரடைவு போன்ற உழைப்பின் துணையால் சிந்துவெளி ஆய்வு நெறிப்பட்டுள்ளது. ஆயினும் அவ்வெழுத்துத் தொடர்கள் சராசரியாக ஐந்து குறிகளே கொண்டவை. இருமொழிப் பொறிப்பு கிடைக்கவில்லை. தாம்சனின் பட்டியல் போன்ற புறச்சான்றும் இல்லை. எனவே மீன் விண்மீன் என்பது அழகிய கருதுகோள். மாமாரியின் பிறை நிலவு என்பது சோதிக்கப்பட்ட வாசிப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க வெள்ளி பரிசு எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 சனவரியில் அறிவித்துள்ள நிலையில், இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவது இன்றியமையாதது.

பசிபிக்கில் தமிழுக்குச் சான்றே இல்லையா எனில், உண்டு. 1836 அளவில் நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் சமையலுக்குப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரம் ஒன்றை வில்லியம் கொலென்சோ கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதில் தமிழ் எழுத்தில், முகையிதீன் வக்குசு என்பாரது கப்பலின் மணி என்ற செய்தி உள்ளது. வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அதனைத் தமிழறிந்தோர் எவரும் படித்துச் சரிபார்க்கலாம். அம்மணி எவ்வழியாக அங்கே சென்றது என்பது தனி வினா. ஊகத்திற்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளியை இம்மணியே நமக்கு உணர்த்தும்.

படிக்கத் தெரிந்தோரை இழந்த எழுத்து

ரோங்கோரோங்கோ ஏன் மௌனமாயிற்று? பலகைகள் அழிந்தமை ஒரு காரணம்; மக்கள் அழிந்தமை பெருங்காரணம். 1862, 1863ஆம் ஆண்டுகளில் பெரு நாட்டு அடிமைக் கப்பல்கள் ஏறத்தாழ 1,500 பேரைக் கவர்ந்து சென்றன. எழுத்தறிந்த முதியோரும் அவர்களுள் அடங்குவர். திரும்பிய சிலரோடு பெரியம்மை வந்தது. 1877இல் தீவில் எஞ்சியவர் 111 பேர். பின்னர்த் தாகித்தியின் ஆயர் ஜோசன், அங்குள்ள தோட்டமொன்றில் வேலை செய்த மெட்டோரோ என்னும் ராப்பா நூய்த் தொழிலாளியை அழைத்துப் பலகைகளைப் படிக்கச் சொன்னார். அவர் பாடினார், ஆயர் எழுதிக்கொண்டார். ஆனால் மாமாரியின் நாட்காட்டியை மெட்டோரோ பின்னிருந்து முன்னாகப் படித்திருப்பதையும், முழுநிலவு வடிவத்தை அடையாளம் காணாததையும் ஜாக் கீ எடுத்துக்காட்டினார். கேட்க வேண்டிய வினா பத்தாண்டு தாமதமாகக் கேட்கப்பட்டது.

தாய்மண்ணை விட்டுத் தோட்டத்தில் உழைத்த ஒருவரிடம் ஓர் எழுத்தின் கடைசி நம்பிக்கை வந்து நின்றதைப் பேராக் தமிழர் எளிதில் கடந்து செல்ல இயலாது. நம்முடைய நாட்காட்டியும் நிலவும் விண்மீனும் இணைந்ததே. தைத் திங்களில் பூச நாளை ஒட்டி முழுநிலவு கூடும்போது ஈப்போ குனோங் சீரோ குகைக் கோயிலில் காவடிகள் திரள்கின்றன. கார்த்திகை, மாசி மகம், பங்குனி உத்திரம் யாவும் அவ்வாறே. பஞ்சாங்கம் அச்சில் இருப்பதால் இவ்விழா நாள்கள் அழியமாட்டா. அச்சில் ஏறாதவை வேறு. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்டோர் எந்த வெள்ளியைக் கண்டு பொழுதை அறிந்தனர், எந்த மீன்களுக்கு எப்பெயரிட்டனர், பிறையின் சாய்வைக் கண்டு என்ன கூறினர் என்பவை வாய்மொழியில் மட்டுமே வாழ்ந்தவை. சுங்கை சிப்புட் முதல் பீடோர் வரையிலான பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன; குடியிருந்தோர் நகரங்களுக்குச் சிதறினர். அவ்வழக்குகளை அறிந்த முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது.

பேராக்கின் தொல்பொருள்களும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. கோலா செலின்சிங்கில் கிடைத்த சூதுபவள முத்திரையின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தென்னிந்திய எழுத்துமரபை அறிந்தோர் இருந்தமையால் அதில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் படிக்கப்பட்டது. மாறாக, ஈப்போவுக்கு அருகே தம்புன் சுண்ணாம்புப் பாறையில் 1959இல் வெளியுலகுக்குத் தெரியவந்த செந்நிற ஓவியங்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவை எனப் பதிவாகியுள்ளன. அவற்றை வரைந்தோரின் சொல் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆகவே அங்குள்ள வட்டத்தைக் கதிரவன் என்றோ வளைவைப் பிறை என்றோ கூறுமுன் மாமாரியின் அளவுகோலை நினைவுகொள்ள வேண்டும்.

முடிவுரை

குறி தன்னைத்தானே விளக்குவதில்லை. அதற்குப் புறத்தே ஒரு குரல் வேண்டும். மாமாரிக்கு அக்குரலை அளித்தவர்கள், இரவுகளின் பெயர்களை மறவாது வைத்திருந்த சில தீவினரும், அதனைக் கேட்டெழுதிய ஒரு கப்பல் அலுவலரும் ஆவர். தாம்சன் ரோங்கோரோங்கோவைப் படிக்கவில்லை; ஒரு பட்டியலைத் தொகுத்தார். ஏழு பதின்மங்களுக்குப் பின்னர் அப்பட்டியல் ஒரு வாசிப்புக்கு உரைகல் ஆயிற்று.

இந்திய ஆய்வியல் மாணவர்க்கு இதிலிருந்து ஒரு பணி கிடைக்கிறது. சிந்துவெளிக்குப் புதிய வாசிப்பு ஒன்றைப் படைப்பதினும், பேராக் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் மீன்களின் பெயர்களையும் பிறையின் வழக்குகளையும் பெயர், ஊர், நாள் குறித்து ஒலிப்பதிவு செய்தல் உடனடித் தேவையாகும். அப்பதிவு எந்தக் குறிக்கு என்று உரைகல்லாகும் என்பதை இன்று கூற இயலாது. சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுவைத்தல் நம் கடன்.