கதவு உவமை எதுவரை தாங்கும்? இலைத்துளை ஆய்வுகள் பற்றி

தாவர நோய் எதிர்ப்பு பற்றி யார் எழுதினாலும் ஒரு உவமை தப்பாமல் வந்துவிடுகிறது. இலைத்துளை ஒரு கதவு, அதன் இரு பக்கமும் உள்ள காப்புச் செல்கள் காவலாளிகள், கிருமி வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். 2006-ல் 'செல்' இதழில் மெலோட்டோவும் ஷெங் யாங் ஹே குழுவினரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சு பரவியது. உவமையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அது எந்த இடத்தில் அறுந்து போகிறது என்று பார்க்கணும்.

முதலில் அந்தக் கட்டுரைக்கு உரிய மரியாதை. அதுவரை இலைத்துளையை பாக்டீரியா சும்மா நுழைந்து போகும் ஓட்டையாகத்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். பாக்டீரியா இலைமேல் பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் துளைகள் மூடிக்கொள்கின்றன என்று இவர்கள் காட்டினார்கள். தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே, கொரோனட்டைன் என்ற நச்சைச் சுரந்து மூன்று, நான்கு மணி நேரத்தில் அவற்றைத் திரும்பத் திறந்துவிடுகிறது. கொரோனட்டைன் சுரக்க முடியாத வகையை இலைமேல் தெளித்தால் நோய் சரியாகப் பிடிக்கவில்லை. இலைக்குள் நேராகச் செலுத்தினாலோ அதே வகை நன்றாக வளர்ந்தது. கதவு என்று ஒன்று இருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சிக்கல் உள்ளே போன பிறகு ஆரம்பிக்கிறது. இலைச் செல்களுக்கு நடுவே இருக்கும் வெளி சாதாரணமாகக் காற்று நிறைந்தது. பாக்டீரியாவுக்கோ அங்கே தண்ணீர் வேணும். நோய் வந்த இலையில் முதலில் தெரிகிற நீர் ஊறினமாதிரி கரும்புள்ளிகள் அதன் அடையாளம். இந்த ஈரம் நோயின் பக்கவிளைவு அல்ல, பாக்டீரியா வேண்டுமென்றே உருவாக்கிக்கொள்ளும் வசதி என்று 2016-ல் 'நேச்சரி'ல் காட்டியதும் அதே ஹே ஆய்வகம்தான். 2022-ல் ஷாங்காயில் ஷியு-ஃபாங் ஷின் குழுவும், கனடாவின் ஷெர்புரூக்கில் பீட்டர் மொஃபெட் குழுவும் தனித்தனியாக அதன் வழியைக் கண்டார்கள். ஏவ்ர்-ஈ, ஹாப்-எம்1 என்ற பாக்டீரியப் புரதங்கள் செடியின் அப்சிசிக் அமிலச் சமிக்ஞையைத் தூண்டிவிடுகின்றன. வறட்சியில் துளையை மூடச் சொல்லும் அதே ஹார்மோன். துளை மூடும், நீராவிப்போக்கு நிற்கும், தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

ஆக ஒரே பாக்டீரியா, நுழையும்போது கதவைத் திறக்கிறது, நுழைந்த பிறகு சாத்திக்கொள்கிறது. இப்போ காவலாளி யார் பக்கம்? "மூடினால் பாதுகாப்பு" என்ற வரி முதல் சில மணி நேரத்துக்கு மட்டுமே உண்மை. இந்த நேரக் கணக்கைச் சொல்லாமல் எழுதப்படும் விளக்கங்கள் வாசகரை ஏமாற்றுகின்றன என்றே சொல்வேன்.

அதே 2022-ல் லிபோ ஷான், பிங் ஹே ஆகியோரின் குழு 'நேச்சரி'ல் எழுதியது இந்த இடத்தில் முக்கியம். செடியே சுரக்கும் சின்னப் பெப்டைடுகளுக்கு ஸ்க்ரூ என்றும், அவற்றை உணரும் ஏற்பிக்கு நட் என்றும் பெயர் வைத்தார்கள். (பெயரை முதலில் முடிவு பண்ணிட்டு அதுக்கு விரிவாக்கம் தேடியிருப்பாங்களோ என்று ஒரு சந்தேகம்!) இவை இணைந்தால் ஏபிஐ1, ஏபிஐ2 நொதிகள் முடுக்கப்பட்டு, துளையை மூடவைக்கும் ஓஎஸ்டி1-ஐ அடக்குகின்றன. துளை திறக்கிறது, இலைக்குள் தேங்கிய நீர் ஆவியாகிறது, பாக்டீரியாவின் குளம் வற்றுகிறது. பூட்டுவதை மட்டுமே எதிர்ப்பாகப் பார்த்தவர்களுக்கு, திறப்பதும் எதிர்ப்புதான் என்று காட்டியது இந்த ஆய்வின் பலம்.

ஆனா இரண்டு இடங்களில் எனக்கு மனசு ஒப்பவில்லை. நீர் வற்றும்போதும் ஸ்க்ரூ சுரக்கிறது. தாகத்தில் இருக்கும் செடி தண்ணீரை இழக்கச் சொல்லும் சமிக்ஞையை ஏன் அனுப்பணும்? அளவு மீறி மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு தடை என்பது ஆசிரியர்கள் தரும் விளக்கம். ஒளிச்சேர்க்கைக்கு கார்பன் டைஆக்சைடு வேண்டுமே, அதனால் பொருத்தமாகவே இருக்கிறது. இருந்தாலும் எந்த அளவு வறட்சியில் இந்தத் தடை லாபம், எதில் நஷ்டம் என்ற கணக்கு இல்லாமல் அது பாதி விளக்கம்தான். இன்னொன்று, இந்த அமைப்பு நிலத் தாவரங்களில் பரவலாக உள்ளது என்பதிலிருந்து அதற்கு முக்கியப் பங்கு இருக்கலாம் என்று நகர்வது. மரபணு இருப்பது ஒன்று, அது வயலில் அதே வேலையைச் செய்வது வேறொன்று. அடிப்படைச் சோதனைகள் அரபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு ஆய்வகச் செடியில் நடந்தவை.

இது வெறும் கட்டுரை வாசிப்புத் தகராறு இல்லை. தண்ணீரை மிச்சப்படுத்த, அப்சிசிக் அமிலத்துக்குச் சட்டென்று துளையை மூடும் பயிர்களை உருவாக்கும் யோசனை ரொம்ப நாளாக உண்டு. மேலே சொன்ன கணக்குப்படி, அப்படிப்பட்ட பயிர் காய்ந்த பருவத்தில் தப்பிக்கும். அடுத்து நாலு நாள் மழை மூட்டம் பிடித்து, ஏற்கெனவே பாக்டீரியா உள்ளே புகுந்திருந்தால்? ஈரக் காற்றில் நீராவிப்போக்கு எப்படியும் குறைவு, துளையும் இறுக மூடியிருக்கும். வறட்சிச் சோதனை ஒரு அறையிலும் நோய்ச் சோதனை இன்னொரு அறையிலும் நடக்கிறவரை இந்தக் கேள்விக்குப் பதில் வராது. இரண்டையும் ஒரே செடியில், காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி, தெளித்தும் செலுத்தியும் பார்த்த தரவுதான் எனக்கு வேணும்.