நான்கு குரல்களும் ஒரு சுருதியும்: சேம்பர் கொயரைக் கேட்கும் முறை

மும்பை மாதுங்காவின் சண்முகானந்த சபையிலும் பஜனை சமாஜத்திலும் கேட்டுத் தேறிய செவிக்கு மேற்கத்தியக் கொயர் இசை முதலில் பிடிபடாமல் போவதற்கு, கவனம் செல்லும் தடம் வேறாக இருப்பதே பெரும்பாலும் காரணமாகும். கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் பாடகரின் ஒரு குரலைச் சுற்றியே இயங்குகின்றன. பஜனையில் நூறு பேர் கூடிப் பாடினாலும் முன்னே ஒருவர் எடுத்துக்கொடுத்த அதே வரியையே மற்றவர்கள் திரும்பப் பாடுகிறார்கள். கொயரிலோ ஒரே கணத்தில் வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு ஸ்வரங்களில் நிற்பதும், அவை சேரும்போது பிறக்கும் ஒலித்திரளாகிய ஹார்மனியுமே இசையின் பொருளாக அமைவதால், மேலே கேட்கும் மெட்டை மட்டும் பற்றிக்கொண்டு செல்பவருக்கு அதன் பெரும்பகுதி கைக்கு வராமலே போய்விடுகிறது.

சேம்பர் கொயர் என்பது ஏறக்குறைய பன்னிரண்டு முதல் நாற்பது பேர் வரை கொண்ட சிறிய பாடகர் குழுவாகும். நூறு பேருக்கு மேல் நின்று ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் பெருங்குழுவிலிருந்து இது அளவால் மட்டுமின்றி, ஒவ்வொருவர் குரலும் தனித்துக் கணக்கில் வருவதாலும் வேறுபடுகிறது. பெண்களின் உயர்ந்த குரல் சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்ட்டோ, ஆண்களின் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்தது பேஸ் என்னும் நான்கு பிரிவுகளே பொது வழக்கு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. பாமாலைப் பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவதும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வழிவந்த கீர்த்தனைகளை எல்லாரும் ஒரே குரலாகப் பாடுவதும் தமிழ்த் திருச்சபைகளில் அருகருகே வாழ்ந்து வருகின்றன. இவ்விரண்டையும் ஒரே வழிபாட்டில் கேட்டுப் பழகியவருக்கு இக்கட்டுரையின் பாதி முன்பே தெரியும்.

கர்நாடக இசை கேட்பவரிடமும் ஒரு பெருஞ்செல்வம் உண்டு. அது சுருதி ஞானம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவை மீட்டும்போது, எந்தத் தந்தியும் காந்தாரத்துக்கு வைக்கப்படாத நிலையிலும், மந்தர ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது இயற்கை அதிர்வாக அந்தர காந்தாரம் தானே எழுந்து ஒலிப்பதைச் சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் வழங்குகிறார்கள். பியானோவில் உள்ள காந்தாரம் இதைவிடச் சற்று உயர்ந்தது. ஓர் ஆக்டேவைப் பன்னிரண்டு சமப் பங்குகளாக வெட்டியதன் விளைவாக, அது இயற்கைக் காந்தாரத்திலிருந்து ஓர் அரை ஸ்வரத்தின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மேலே விலகி நிற்கிறது. வாத்தியத் துணையின்றிப் பாடும் முறைக்கு ஆ கப்பெல்லா என்று பெயர். அம்முறையில் பாடும் நல்ல கொயர் ஒரு நீண்ட ஒலித்திரளில் நிலைகொள்ளும்போது, காந்தாரத்தைப் பிடித்திருக்கும் பிரிவு தன் ஸ்வரத்தை மெல்லத் தாழ்த்தி அந்த இயற்கை இடத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கணத்தில் ஒலியின் உள்ளே இருந்த நடுக்கம் அடங்கி, முழுத்திரளும் சட்டென்று தெளிந்து, யாரும் பாடாத மேல் ஸ்வரங்கள்கூட மண்டபத்தில் கேட்கத் தொடங்குகின்றன. கொயர் இசையின் தலையாய இன்பம் இதுவே; தம்புராவுக்கு முன் அமர்ந்து பழகிய செவி இதைப் பிறர் சொல்லாமலே கண்டுகொள்ளும். நிகழ்ச்சிக்குச் செல்லும் முன் ஒரு நல்ல தம்புராவின் ஒலியில் சிறிது நேரம் அந்தக் காந்தாரத்தைத் தேடிக் கேட்பது சிறந்த ஆயத்தமாகும்.

ஆனால் இங்கே ஆதார ஷட்ஜம் கச்சேரியில்போல முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாட்டின் நடுவிலேயே அடிப்படை ஸ்வரம் பஞ்சமத்துக்கோ வேறிடத்துக்கோ பெயர்ந்து, கேட்டுக்கொண்டிருந்த ஸ்வரங்களுக்கெல்லாம் புதிய உறவு ஏற்படுகிறது. கிரகபேதத்தில் ஒரு ராகத்தின் உள்ளிருந்து இன்னொன்று எழும்போது உண்டாகும் வியப்பை அறிந்தவர், இந்தப் பெயர்ச்சியையும் தடுமாற்றமாகக் கொள்ளாமல் அதே வியப்போடு ஏற்றுக்கொள்ளலாம். பெயர்ச்சியை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் பேஸ் குரலே என்பதால், புதிதாகக் கேட்பவர் சொப்ரானோவை விட்டுவிட்டு, அடிக்குரலைத் தொடர்ந்து செல்வது நல்லது. அது பழகிய பின் நடுவில் உள்ள ஆல்ட்டோவையும் டெனரையும் தேட வேண்டும். அவற்றுக்குக் கவர்ச்சியான மெட்டு வாய்ப்பது அரிது என்றாலும், ஒலித்திரளின் நிறம் மகிழ்ச்சியிலிருந்து துயரத்துக்கு மாறுவது பலமுறை அவற்றில் ஒன்று அரை ஸ்வரம் இறங்குவதாலேயே நிகழ்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான தாமஸ் டாலிஸ், ஐந்து குரல் கொண்ட எட்டுக் குழுக்களுக்காக நாற்பது தனித்தனி வரிகளில் ஒரு பாட்டு எழுதினார். அதில் ஒரு வரியையும் தனியே பின்தொடர இயலாது என்பதால், அதைப் பிற்பாடு கேட்பதே தகும்.

குழுவின் தரத்தை அறிய மூச்சையும் மெய்யெழுத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே மூச்சில் எவரும் பாட முடியாத நீண்ட வரியை, ஒரு பிரிவினர் தங்களுக்குள் முறைவைத்து வெவ்வேறு இடத்தில் மூச்செடுத்து, மீண்டும் நுழையும்போது ஓசையின்றிக் கலந்து, அறுபடாமல் கொண்டுசெல்கிறார்கள். அந்த ஒட்டு வெளியே தெரியாதிருப்பதே தேர்ச்சி. அவ்வாறே சொல்லின் இறுதியில் வரும் ஸகர ஒலி இருபது வாய்களிலிருந்து இருபது முறை சீறாமல் ஒரே முறை ஒலிப்பதும், ஆகாரம் எல்லா வாய்களிலும் ஒரே வடிவில் திறப்பதும் பல வாரப் பயிற்சியின் பலனாகும். துணை வாத்தியம் இல்லாதபோது சுருதி சிறிது சிறிதாக இறங்குவது தேர்ந்த குழுக்களுக்கும் நேர்வதே. களைப்பு அதற்கு ஒரு காரணம். தூய இடைவெளிகளாகவே அடுக்கிச் செல்லும்போது சில ஸ்வர நகர்வுகளின் முடிவில் அடிப்படையே நுண்ணிய அளவில் விலகிவிடுவது மற்றொன்று. அதை உள்ளுக்குள் ஈடுகட்டிச் செல்லும் குழுவே பாராட்டத் தக்கது.

மும்பையில் இவ்விசைக்கு உள்ள தொடர்ச்சி பெருமைக்குரியது. விக்டர் பரஞ்சோதி 1950-களில் உருவாக்கிய பரஞ்சோதி அகாடமி கோரஸை, 1967-இல் அவர் மறைந்த பின் கூமி வாடியா பல பத்தாண்டுகள் நடத்தி, ஐரோப்பியப் பழம் பாடல்களோடு இந்திய மொழிப் பாடல்களையும் மேடையேற்றினார். தமிழில் இப்பணியின் முன்னோடி எம்.பி. சீனிவாசன் (1925–1988). 1970-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த மெட்ராஸ் யூத் கொயர், பாரதியார் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களில் பாடியது. அசைவே உயிராகிய தோடி போன்ற ராகத்தின் காந்தாரத்தின்மேல் நிலையான ஒலித்திரளை அமைப்பது அரிதாகையால், இந்திய மெட்டுகளுக்கு ஹார்மனி செய்பவர் எந்த ஸ்வரத்தில் கமகத்தை விட்டுவைத்தார், எதில் குறைத்தார் என்று கவனிப்பது தமிழ்ச் செவிக்கே உரிய ரசனையாகும்.

ஊதியம் பெற்று முழுநேரமும் பாடும் சேம்பர் கொயர்கள் மேலைநாடுகளில் பெரும்பாலும் இலாப நோக்கற்ற நிறுவனங்களாகவே இயங்குகின்றன. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் லூயிஸ் போட்டோ தொடங்கிய சாண்டிக்ளீர், பன்னிரண்டு ஆண் குரல்களைக் கொண்ட அத்தகைய நிறுவனம்; உயர்ந்த பகுதிகளையும் அங்கே ஆண்களே பொய்க்குரலில் பாடுகிறார்கள். இத்தகைய அமைப்பில் டிக்கெட் வருமானம் செலவின் ஒரு பகுதியையே ஈடுசெய்வதால், எஞ்சியதை நன்கொடையும் மானியமும் தாங்குகின்றன. உபரி வந்தால் அது பங்குதாரர்களுக்குப் போகாமல் பயிற்சிக்கும், பள்ளி மாணவர்களுக்கான வகுப்புகளுக்கும், புதிய படைப்புகளை எழுதச் செய்வதற்கும் செல்கிறது. உறுப்பினர் சந்தாவாலும் புரவலர்களாலும் வளர்ந்த சபாக்களை அறிந்த மாதுங்காவாசிகளுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சிநிரலைக் கையில் வாங்கியதும், அதில் இக்காலத்தவர் எழுதிய பாட்டு எத்தனை என்று பார்ப்பது நல்லது. எல்லாரும் அறிந்த கிறிஸ்துமஸ் பாட்டுகளால் மட்டும் அரங்கை நிரப்பும் குழு, நன்கொடை தரும் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் விடுகிறது.

மும்பையில் கொயர் நிகழ்ச்சிகள் மிகுவது டிசம்பரிலும் ஈஸ்டரை ஒட்டியும் ஆகும். தாதரிலிருந்து மேற்கு ரயிலில் சர்ச்கேட் சென்று நாரிமன் பாயிண்டில் உள்ள என்.சி.பி.ஏ. அரங்குகளை அடையலாம்; தேவாலயங்களிலும் நிகழ்ச்சிகள் உண்டு. கச்சேரியில்போல முன்வரிசையைப் பிடிப்பது இங்கே பயன்தராது, ஏனெனில் அங்கே அருகில் நிற்பவர்களின் குரல்கள் தனித்தனியாக விழும். மண்டபத்தின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ அமர்ந்தால் நான்கு பிரிவுகளும் கலந்த பின்னரே ஒலி வந்து சேரும்.