தனிமொழித் தெரிவு

கூத்துக் களரியில் இன்ன பாத்திரம் இன்னார்க்கு உரியதெனத் துணிபவர் அண்ணாவியார். ஆடவிருப்போரின் குரலையும் உடற்கட்டையும் நோக்கிச் சட்டங்கொடுத்தல் மட்டக்களப்பு மரபு. வாழைச்சேனை முதலிய ஊர்களிலிருந்து நாடகத்துறைத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கோ அத்துணை இல்லை. மத்தளமும் சல்லரியும் இன்றி, உடனாடுவோரும் இன்றிச் சில நிமிடம் தனித்துநின்று பேசும் பகுதியைத் தாமே தெரிதல் வேண்டும். நடிப்பாற்றல் உடையோரும் இத்தெரிவிற் பிழைத்து வாய்ப்பிழத்தல் உண்டு. ஆதலின் தேர்வுக்கேற்ற தனிமொழி யாதென ஆராய்தல் தகும்.

நாடகச் சொல் மூவகைப்படும் என்பது சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையாற் புலனாகும். நெஞ்சொடு கூறுவது உட்சொல். கேட்போர்க்கு உரைப்பது புறச்சொல். தானே கூறுவது ஆகாயச்சொல்.

மாணவர் பெரிதும் நாடுவது புறச்சொல்லையே. 1959 இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தில் வரி பற்றி ஜாக்சனுக்குக் கட்டபொம்மன் இறுக்கும் மறுமொழி இதற்குச் சான்று. அதன் சிறப்பு மறுக்கற்பாலதன்று. ஆயினும், கேட்போர் செவியிற் சிவாஜி கணேசனின் குரல் முன்னரே குடிகொண்டுள்ளது. அக்குரலைப் போலச்செய்பவர் தம்மை இழப்பர். விலகுபவர் குறைந்தோராகத் தோன்றுவர். மேலும், பெருமிதமும் வெகுளியும் ஓங்கியே நிற்றலின், மனம் திரும்பும் இடம் ஆங்கு அரிது.

துன்பமாலையிற் கண்ணகியின் நிலை வேறு. கணவன் கொலையுண்டமை கேட்டு அவள் அரற்றுகின்றாள். ஈற்றிற் கதிரவனை நோக்கி, தன் கணவன் கள்வனோ என வினவுகின்றாள். அழுகை வினாவாக மாறும் அவ்விடத்தே, துணையிழந்த பெண் வழக்காடுபவள் ஆகின்றாள். ஆகாயச்சொல்லுக்கு அணித்தான இப்பகுதிக்கு உரத்த குரல் வேண்டுவதன்று. மேலே நிமிரும் ஒரு நோக்கே போதும். கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளரும் இப்பகுதி மாணவியர்க்கு அஃது அயலானதும் அன்று.

உட்சொல்லுக்கு இராவணன் சான்றாவான். முதல்நாட் போரில் தோற்று வெறுங்கையனாய் மீளும் அவன், உலகெலாம் நகுதலினும் சீதை நகுவாளே என நாணுவதாகக் கம்பன் காட்டுவான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய, சி. மௌனகுருவின் ‘இராவணேசன்’ வடமோடிக் கூத்தும் அவனது அகப்போராட்டத்தையே பொருளாகக் கொண்டது. இலங்கை வேந்தனின் வீறு முழுவதையும் பத்தொன்பது அகவை இளைஞன் காட்டுதல் அரிது. தோற்றவனின் நாணமோ அவனும் அறிந்ததே. அந்நாணத்தினின்று தொடங்குபவன் வெற்றுமுழக்கத்தைத் தவிர்ப்பான்.

எனவே, தனிமொழி தெரிவோர் வினவத்தக்கன மூன்று: பேசுபவர் யாரை நோக்கிப் பேசுகின்றார்? யாது வேண்டிப் பேசுகின்றார்? எச்சொல்லில் அவர் மனம் திரும்புகின்றது? மூன்றாம் வினாவுக்கு விடையில்லாப் பகுதி எத்துணைப் புகழ்பெற்றதாயினும் தேர்வுக்கு ஆகாது. பிறர் ஆற்றலை அளந்து சட்டங்கொடுத்தது அண்ணாவியாரின் கண். அக்கண்ணாலே தம்மைத் தாமே நோக்கும் மாணவர்க்குத் தெரிவிற் பிழை நேராது.