பாடசாலை வாயிலில் வணிகம்: ஒரு தோட்டப்புற நோக்கு

விளம்பரத்தை விமரிசனத்துக்குரிய ஆக்கமாகக் கொள்வது சங்க மலரின் மரபுக்குப் புறம்பானது எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், திம்புள்ளப் பகுதித் தோட்டப் பிள்ளையொன்று பாடநூலுக்கு வெளியே எழுத்துக்கூட்டி வாசிக்கும் முதல் வாசகம் பெரும்பாலும் விளம்பர வாசகமே. அது பாடசாலை வாயிலிலேயே கிடைத்துவிடுவதும் உண்டு.

நான் பயின்ற பாடசாலையின் பெயர்ப்பலகை ஒரு மால்ட் பான நிறுவனத்தின் அன்பளிப்பு. பலகையின் பெரும்பகுதியைப் பானத்தின் பெயரும் படமும் நிறைத்திருந்தன. பாடசாலையின் பெயர் கீழ் விளிம்பில் அடிக்குறிப்புப் போல ஒதுங்கிக் கிடந்தது. இல்ல விளையாட்டுப் போட்டியன்று அந்நிறுவனத்தின் லொறி மைதானத்துக்கு வந்தது. வரிசையில் நின்று ஆளுக்கொரு கோப்பை இனிப்புப் பானம் பெற்றோம். ஆசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியில் மும்முறை நன்றி கூறினார். எவரும் எதனையும் விற்கவில்லை. அன்று மாலை லயத்துக்கு வந்த என் தம்பி அதே பானம் வேண்டுமென்று அழுதான். கடையில் அதன் விலை என்ன, அம்மாவின் நாட்சம்பளம் என்ன என்பதை அவன் அறியான். அம்மா அறிவார்.

தெருவோர விளம்பரத்தைக் கண்டு முகந்திருப்பிச் செல்லலாம். பாடசாலையிலிருந்து பிள்ளை எழுந்து போக முடியாது. வாய்பாடு சொல்லித்தரும் வாயே பானத்தையும் புகழும்போது இரண்டும் ஒரே தரத்து உண்மைகளாகிவிடுகின்றன. ஆசிரியர்மீது பிள்ளை கொண்டுள்ள நம்பிக்கையே இங்கு விலைக்குப் பெறப்படும் பொருள். அமெரிக்காவில் 1990இல் தொடங்கி 2018இல் முடிவுற்ற 'சனல் வண்' இதனை ஒளிவுமறைவின்றிச் செய்தது. பாடசாலைகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கி, பதிலாக நாள்தோறும் 12 நிமிட நிகழ்ச்சியை வகுப்பறையில் காட்டச் செய்தது. அதில் 2 நிமிடம் விளம்பரம். வசதி குறைந்த பாடசாலைகளே அதனைக் கூடுதலாக ஏற்றன என ஆய்வாளர் காட்டியுள்ளனர். அது எமக்கு வியப்பளிக்கவில்லை.

இவ்வுத்தி புதியதுமன்று; எமது தேயிலையே அதற்குச் சான்று. 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை, பேரரசின் விளைபொருள்களை வாங்கத் தூண்டும் வண்ணச் சுவரொட்டிகளைப் பிரித்தானியப் பாடசாலைகளுக்கும் வழங்கிற்று. பூகோளப் பாடத் துணைப்படங்களாக அவை வகுப்பறைச் சுவர்களில் ஏறின. தேயிலைத் தோட்டக் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். கொழுந்து பறிக்கும் பெண் அங்கே ஓர் அழகிய நிறக்கோலம். அவளது பிள்ளை எங்கே படித்தது என்ற வினாவுக்கு அப்படத்தில் இடமில்லை. (தேயிலைப் பெட்டிகளில் இன்றும் அவள் புன்னகைப்பது தனிக் கட்டுரைக்குரியது.) அன்று விளம்பரத்தின் படமாக நின்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று அதன் இலக்காகவும் நிற்கின்றனர்.

சிறுவர் கூடும் இடங்களில் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளின் சந்தைப்படுத்தல் எவ்வகையிலும் கூடாதென உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. இந்தியா 2020இன் ஒழுங்குவிதிகளால் பாடசாலை வளவிலும் அதனைச் சுற்றி 50 மீற்றருக்குள்ளும் இத்தகைய உணவுகளின் விற்பனையையும் விளம்பரத்தையும் தடுத்தது. இலங்கையிலே புகையிலை, மதுபான விளம்பரங்களை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. 2016இல் பானப் போத்தல்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறிகள் வந்தன. கோப்பையில் ஊற்றிக் கொடுக்கும்போது அந்த நிறக்குறியைப் பிள்ளை காண்பதெங்ஙனம்?

அதிபர்மார் கூறும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1977இன் பின்னர் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆயினும் கரப்பந்தாட்ட வலைக்கும் பரிசுக் கிண்ணத்துக்கும் எவரிடமாவது கையேந்தவேண்டிய நிலை எமது பாடசாலையில் நீடித்தது. கொடுப்பவரை மறுத்துவிட்டுப் பிள்ளைகளை வெறுங்கையுடன் அனுப்புமாறு நகரத்திலிருந்து உபதேசிப்பது நேர்மையாகாது. எனினும் ஒரு வினாவை அவர்கள் கேட்கலாம்: பெயர் பொறிக்காமல் இதனைத் தருவீர்களா? கொடையாயின் தடையில்லை, விளம்பரமாயின் விடை அப்போதே தெரிந்துவிடும்.

கடந்த விடுமுறையில் பழைய மாணவர் சிலர் அதிபரைக் கண்டு, பெயர்ப்பலகையை நாமே தீட்டித் தருவதாகக் கூறினோம். அவர் மறுக்கவில்லை. லொறி அடுத்த ஆண்டும் வரவேண்டுமே என்று மட்டும் சொன்னார்.